பாய் கடையில் மிச்சம் வைத்த கறி வீச்சு

ஜூன் 12, வியாழன். சேலம்

காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் நாற்பத்தோரு பேருக்கு ரத்தம் எடுத்தேன். எல்லாரும் வெறும் வயிறு, எல்லாரும் சிடுசிடு. காபி குடித்துவிட்டு வந்ததை மறைக்கப் பார்த்த ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். சனி, திங்கள் லீவு கிடைத்தது. திருச்சிக்கு, ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தெட்டு வயதில், விவாகரத்தாகி நாலு வருஷம் கழித்து மாப்பிள்ளை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், லேபில் ஒரு மாதத்துக்கு வேறு பேச்சு இருக்காது.

ஜூன் 13, வெள்ளி

பெரியம்மா மகள் மலர்க்கொடி அக்கா கொண்டுவந்த சம்பந்தம் இது. அரவிந்தன், வயது நாற்பத்திரண்டு. திருச்சி தென்னூரில் மோட்டார் வைண்டிங் கடை. மனைவி இறந்து ஆறு வருஷம், குழந்தை இல்லை. இரண்டு மாதமாகப் போனில் பேசுகிறோம். நாளைக்குத்தான் முதன்முதலாக நேரில் பார்க்கப்போகிறேன்.

எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். பரக்கத் பாய் பரோட்டா கடை என்றேன். வீடியோவில் பார்த்ததிலிருந்தே ஆசை. உள்ளூர்க்காரங்க யாரும் அங்க போறதில்லைங்க, விலை அப்படி என்று சிரித்தார். பிறகு, "சரி, போவோம்" என்றார்.

புடவையா சுடிதாரா?

ஜூன் 14, சனி. திருச்சி, கைலாசபுரம்

மலர்க்கொடி அக்கா வீட்டுக்குத் திரும்பி அரை மணி நேரம் ஆகிறது. எப்படி இருந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். நல்லா இருந்தது என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். நல்லாத்தானே இருந்தது? பிறகு ஏன் எனக்கு அழுகை வருகிறது?

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன், சாயங்காலம் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று. ஆறு மணிக்குக் கடை வாசலில் நின்றிருந்தார். போட்டோவில் இருப்பதைவிட ஒல்லி. முப்பது வருஷத்துக்கு முன் பாய் தெருவில் தள்ளிக்கொண்டு போன வண்டியை இப்போது ஏசி ஹாலுக்குள் நிறுத்தி மாலை போட்டிருக்கிறார்கள். ஜனங்கள் அதோடு செல்பி எடுக்கிறார்கள். கறி வீச்சு பரோட்டா முந்நூற்று எண்பது ரூபாய். சால்னா தனி விலை.

ஆனால் டோக்கன் கிடையாது. ரோட்டுக் கடை வழக்கம் ஏசிக்குள்ளும் அப்படியே. யார் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறோமோ, அவர் எழுந்ததும் அது நம் இடம். நாங்களும் ஒரு கணவன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் நாற்பது நிமிஷம் நின்றோம். அந்தப் பெண் ஐஸ்கிரீம் வேறு சொன்னாள். எனக்கு வந்த கோபம்!

உட்கார்ந்தோம். வீச்சு வந்தது. மெல்லிசாக வீசி, உள்ளே கொத்துக்கறியும் முட்டையும் வைத்து மடித்து, ஓரமெல்லாம் மொறுமொறு. சொன்ன அளவுக்கு ருசிதான். மெதுவாகச் சாப்பிட்டேன். அவர் தன் கடையைப் பற்றிச் சொன்னார், நான் லேபைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பானேன்.

அதற்குள் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஆள் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், நல்ல திடகாத்திரம். கூட மனைவியும் வளர்ந்த பையனும். கார் சாவியை என் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக்கொண்டே நின்றார். அரவிந்தன் அவரைப் பார்த்தார். தன் தட்டில் மிச்சம் இருக்கும்போதே எழுந்து, "முடிச்சுக்கலாங்க. அவங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க" என்றார்.

என் தட்டில் பாதி வீச்சு இருந்தது. சரிங்க என்று சொல்லி எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

நான் ஏன் எழுந்தேன்?

ஜூன் 15, ஞாயிறு

அக்காவோடு ஸ்ரீரங்கம் போனேன். தரிசன வரிசையில் ஒன்றரை மணி நேரம். பெருமாள் எதிரில் நின்றபோதும் அந்தப் பாதி வீச்சுதான் நினைவில் இருந்தது. வெட்கக்கேடு.

வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "பாத்தியா, முன்பின் தெரியாதவனுக்கே எடம் விடறாரு. தங்கமான மனுஷன்டி" என்றாள்.

என் முதல் கணவரையும் எல்லாரும் இதே வார்த்தைதான் சொன்னார்கள். தங்கமான மனுஷன். யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஒரு நாள் எனக்கு ஜுரம் நூற்று மூன்று. நானே கூப்பிட்ட ஆட்டோ வாசலுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன் போக அவசரமாம், அவரை ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, "நீ அனுசரிச்சுக்குவேன்னு தெரியும்" என்றார். அனுசரித்தேன், பத்து வருஷம். விலகி வந்தபோது, அவ்வளவு நல்லவரை விட்டுவிட்டு வந்தவள் என்று என்னைத்தான் ஏசினார்கள்.

இன்னொரு நல்லவர் எனக்கு வேண்டாம். ஆனால் ஒரு நாற்காலியை வைத்து ஒரு மனுஷனை முடிவு கட்டலாமா? என்னமோ, ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 16, திங்கள். பஸ்ஸில்

கையெழுத்து ஆடுகிறது. நாமக்கல் இன்னும் வரவில்லை.

வழியனுப்ப அரவிந்தன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டி, ரெண்டு நாளா சரியாவே பேசலையே என்றார். அன்றைக்கு ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க சாப்பிடறத நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆயிருந்துச்சுங்க. அவரு சாவிய ஆட்ட ஆட்ட உங்க தோளு சுருங்கிக்கிட்டே போச்சு. உங்களுக்கு அங்க உட்கார முடியலன்னு நெனச்சேன். அவருக்காக எழுந்துக்கல" என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது.

நிறுத்தினேனா? எனக்கு ஞாபகமே இல்லை. மெதுவாகச் சாப்பிட்டதுதான் ஞாபகம் இருக்கிறது. ஒன்று, எனக்கே தெரியாததை அவர் பார்த்திருக்கிறார். இல்லையென்றால் நன்றாகக் கதை விடுகிறார். என் தோளை யார் பார்த்தார்கள் இதுவரை?

ஜூன் 18, புதன்

கவனித்தார், அது நிஜம். என்னைக் கேட்கவில்லை, அதுவும் நிஜம். இதில் எதை வைத்துக்கொள்வது?

ஜூன் 22, ஞாயிறு

போனில் சண்டை. ஆட்டோ கதையைச் சொன்னேன். நீங்களும் அதே மாதிரி எனக்காக நீங்களே முடிவு செய்தீர்கள் என்றேன். பசிச்சா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க என்றார். வந்ததே ஆத்திரம்.

"நீங்க கேட்டிருக்கலாமே!"

நான்தான் போனை வைத்தேன். பத்து வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு நாள்கூட நான் இப்படிக் கத்தியதில்லை. எனக்கு என்னதான் ஆச்சு? ஒரு பரோட்டாவுக்கா இவ்வளவு?

ஜூன் 25, புதன்

போன் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

கூப்பிட்டார். மன்னிப்பு என்றெல்லாம் பெரிதாக ஆரம்பிக்கவில்லை. எந்தக் குழம்பு வைப்பது என்பதிலிருந்து கதவை எப்போது பூட்டுவது என்பது வரை ஆறு வருஷமாகத் தானே முடிவு செய்து பழகிவிட்டதாம். "பக்கத்துல ஒரு ஆள் இருந்தா வாயத் தொறந்து கேக்கணும்னே மறந்துபோச்சுங்க" என்றார்.

எனக்கும் சொல்ல வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. அன்றைக்கு அவர் கையைப் பிடித்தா எழுப்பினார்? "இருங்க, நான் இன்னும் சாப்பிடல" என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்காது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு எழுந்தது நான்தான்.

அதற்காக அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. அதையும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

தினமும் பேசுகிறோம். பயமும் தினமும் இருக்கிறது. மலர்க்கொடி அக்கா, சட்டுபுட்டென்று ஒரு பதிலைச் சொல்லுடி என்கிறாள்.

ஜூலை 9, புதன்

கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு தலைவலி.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் கல்யாணத் தேதியைக் குறித்துவிட வேண்டும் என்று துறையூரிலிருக்கும் அவருடைய அக்கா மயிலம்மாள் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். ஆவணி பதிமூன்று, ஸ்ரீரங்கத்தில் சின்ன மண்டபம் என்று பேசியும் வைத்துவிட்டார்களாம். காலையில் போன் செய்து இதைச் சொன்ன அரவிந்தன், "உங்களுக்கு எப்படிங்க?" என்றார்.

சரிங்க என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த வாரம்தான் லேபுக்கு ஆய்வுக்கு வருகிறார்கள். ரெஜிஸ்டர் அத்தனையும் என் பொறுப்பு. அனுசரித்துக்கொள்ளலாம், யாரிடமாவது பீரோ சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மனசு பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது.

"முடியாதுங்க. அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

மண்டபம், அக்கா, சொந்தக்காரர்கள் எல்லாரும் என் கண் முன்னால் வந்து போனார்கள். இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி, அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். உங்களுக்கு எப்ப வசதி?"

எனக்கு எப்போது வசதி என்று நான் யோசித்தே பார்த்ததில்லை. கொஞ்சம் இருங்க என்று சொல்லி, சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து ஆவணியைப் புரட்டினேன். "நிதானமா பாருங்க, நான் போனை வைக்கல" என்றார்.

இரண்டு தேதிகளில் வட்டம் போட்டேன். ஒன்றை அடித்தேன். மற்றதை வாய்விட்டுச் சொன்னேன்.