ஆறு மணி நேரம் கழித்து

மார்ச் 4, திங்கள்

இன்றும் உள்ளங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. மணி நாலு. ஏணியில் நின்று, பெயிண்டுக்கு முன்னால் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தவன் பாதியில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். எரிச்சல் தாங்கவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு, "காணாக்கடிப்பா. ஏதோ ஒத்துக்கல. மத்தியானம் என்ன சாப்பிட்டே?" என்றார். இரண்டு மாதமாக எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். கத்தரிக்காயை விட்டேன், மீனை விட்டேன், முட்டையை விட்டேன். இனி விடுவதற்குச் சோறும் தண்ணீரும்தான் பாக்கி.

மார்ச் 10, ஞாயிறு

வீக்கம் இல்லை. போன ஞாயிறும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணன் சமைப்பான். மற்ற ஆறு நாளும் அண்ணி சமையல். மத்தியானத்துக்கு டப்பாவில் கட்டித் தருவார்.

எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் பொருந்துகிறதே?

மார்ச் 16, சனி

ஆறு நாளாக டப்பாவைத் திறக்கவே இல்லை. காவலாளியிடம் கொடுத்துவிட்டுக் கடையில் சாப்பிட்டேன். காலில் ஒன்றும் இல்லை. வேலையும் சுளுவு. கேட், கம்பிவேலி, இடுப்பளவுச் சுவர், அவ்வளவுதான். ஏணியை எடுக்கவே இல்லை. சந்தேகம் தீர்ந்தது.

மார்ச் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணியின் அம்மா வந்திருந்தார். "ஏன் தம்பி இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அண்ணி சாப்பாடு எனக்கு ஒத்துக்கல. கடையில சாப்பிட்டா ஒண்ணும் ஆகல" என்றேன்.

"ஒரே பானையிலதான் எல்லாரும் சாப்பிடறோம்" என்றார் அண்ணி.

அடுப்படியிலிருந்து அண்ணன் கரண்டியோடு வந்தான். "அவன் பொய்யா சொல்றான்? நீ முதல்ல கையை ஒழுங்கா கழுவிட்டுச் சமை." மாமியார் முன்னாலேயே சொன்னான். அந்த அம்மா சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். அண்ணன் என் பக்கம் நின்றதில் எனக்குச் சந்தோஷம். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மார்ச் 25, திங்கள்

அண்ணி எனக்குச் சமைப்பதில்லை. என் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அண்ணன் தினமும் எதையாவது மோந்து பார்க்கிறான். பாத்திரத்தை, கைப்பிடித் துணியை, இன்று அண்ணியின் கையையே.

ஏப்ரல் 2, செவ்வாய்

புதுக் கட்டடம், மூன்று மாடி. காலை ஒன்பதிலிருந்து ஏணிமேல். மத்தியானம் கடைச் சாப்பாடு. மூன்று மணிக்குக் கால் வீங்கியது.

ஏப்ரல் 3, புதன்

இன்றும். கடைச் சாப்பாடுதான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்றும். அண்ணன் கேட்டான், "இப்போ தேவலையா?" "தேவலைண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நொண்டாமல் வீட்டுக்குள் நுழையப் படாதபாடு படுகிறேன். என் டப்பாவைத் தின்ற காவலாளிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது. எவ்வளவு சௌகரியமான மண்டை எனக்கு.

ஏப்ரல் 14, ஞாயிறு

அண்ணி அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். "கையை மோந்து பார்க்கற வீட்டுல நான் இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை போதும், டேய். ஒரே ஒரு வார்த்தை. அது கூட வரல.

மே 8, புதன்

தோல் டாக்டர். என்ன சாப்பிட்டேன் என்று கேட்காத முதல் ஆள். "வீங்கறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார்.

ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். எப்போதும் ஏணியில்தான். ஞாயிற்றுக்கிழமை ஏணியும் கிடையாது, வீக்கமும் கிடையாது.

ஏழு கிலோ மணல் பையைத் தோளில் கால் மணி நேரம் மாட்டச் சொன்னார். கழற்றியபோது ஒன்றும் இல்லை. சாயந்தரம் வரச் சொன்னார். போனபோது, பையின் பட்டை அழுத்திய இடம் அப்படியே தடித்துச் சிவந்திருந்தது. சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தடிக்குமாம், சிலருக்கு வெயில், சிலருக்கு வேர்வை, சிலருக்கு நகம் கீறினாலே போதுமாம். டிரில்லிங் மெஷினின் அதிர்வில் தடிப்பவர்களும் உண்டாம். எனக்கு அழுத்தம். ஏணிப்படி காலை அழுத்துகிறது, உடம்பு மெதுவாகத்தான் பதில் சொல்கிறது. நடுவில் சாப்பாடு வந்து மாட்டிக்கொண்டது.

"ஏன் சார் எனக்கு மட்டும்?"

"அது எங்களுக்கும் சரியா தெரியாது. ஆனா சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். காது கேட்காது என்று நினைத்திருப்பார்.

மே 12, ஞாயிறு

அண்ணியைப் பார்க்கப் போனேன். ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். டாக்டர் சீட்டைக் காட்டி விவரம் சொன்னேன்.

"அப்போ என் கை இல்ல."

"இல்லண்ணி."

"எப்போ தெரிஞ்சுது?"

புதன்கிழமை என்று சொல்லியிருக்கலாம். சீட்டில் தேதியும் இருக்கிறது. "உங்க சாப்பாடு இல்லன்னு நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இங்க இருநூறு பேர் சாப்பிடறாங்க, தம்பி. யாரும் என் கையை மோந்து பார்க்கல. இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க."

மே 13, திங்கள்

சொல்லவில்லை.

மே 21, செவ்வாய்

சொல்லவில்லை. எனக்காகத்தான் பெண்டாட்டியிடம் அப்படி நடந்துகொண்டான். அவனிடம் எந்த வாயால் சொல்வது? மாத்திரையில் வீக்கம் பாதியாகிவிட்டது. அண்ணி சமையலை விட்டதால்தான் நான் தேறினேன் என்று நம்பி, தினமும் எனக்கும் சேர்த்து அவனே சமைக்கிறான்.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணியின் தம்பி வண்டியோடு வந்தார். துணிமணி, இரும்புப் பெட்டி, தையல் மெஷின், எல்லாவற்றையும் எடுத்துப்போக. பெட்டியை நான்தான் தோளில் சுமந்து இரண்டு மாடி இறக்கினேன். காலை பத்து மணி.

நாலு மணிக்குத் தோள் வீங்கிச் சட்டையைக் கழற்ற முடியவில்லை. அண்ணன் பார்த்துப் பதறிவிட்டான். "மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

மத்தியானம் அவன் சமைத்ததைத்தான் சாப்பிட்டேன். கேட்ட பிறகுதான் அவனுக்கும் அது உறைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏணி, மணல் பை, காவலாளி, ஏப்ரல் இரண்டாம் தேதி.

"அவ போறப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு விடுதிக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தான். அடுப்பைப் பற்றவைத்து, ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைந்து போட்டான்.