ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்

அன்பு மகனுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்பா நன்றாக இருக்கிறார். இந்த நிமிடம் கூடத்தில் சாய்வு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பிப்பாய், நான் அழ ஆரம்பிப்பேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

செவ்வாய்க்கிழமை அப்பா மறுபடியும் காணாமல் போய்விட்டார்.

பதறாதே, கிடைத்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முதியோர் இல்லத்துல சேத்துடலாம்மா, எடம் சொல்லி வச்சிருக்கேன்" என்று போன மாதம் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? கீழ் வீட்டுத் தையல்காரம்மா எப்படியும் உன்னிடம் உளறிவிடுவாள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பரணில் கிடக்கும் பழைய உள்ளூர்ப் பேப்பர் கட்டுகள் உனக்கு நினைவிருக்கும். அப்பா தண்ணீர் இலாகாவில் தெருத் தெருவாக வால்வு திறந்து மூடிய காலத்தில் சேர்த்தவை. இன்ன தெருவில் தண்ணீர் வராது என்று இரண்டாம் பக்கத்தில் வரும் அறிவிப்பெல்லாம் தன்னுடைய வேலை என்று அவருக்குப் பெருமை. ஒரு தாளைக்கூட எடைக்குப் போட விடமாட்டார். அதற்காக நாங்கள் போடாத சண்டையா! இன்று அந்தக் குப்பைதான் எனக்குக் கைகொடுக்கிறது. இன்றைய பேப்பரைக் கொடுத்தால், "யாருடி இவங்கல்லாம்?" என்று மிரண்டுபோய் மடித்து வைத்துவிடுகிறார். பழையதைக் கொடுத்தால் முகமே தெளிந்துவிடுகிறது. மணிக்கூண்டுக் கடிகாரம் ஓடவில்லை என்று யாரோ புலம்பியிருப்பார். பஸ்ஸில் கறுப்புக் குடையைத் தொலைத்தவர் விளம்பரம் கொடுத்திருப்பார். பாலத்தடியில் லாரி மாட்டிக்கொண்டு ஊரே வேடிக்கை பார்த்திருக்கும். எல்லாவற்றையும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். எனக்கும் பொழுது போகிறது, பொய் சொல்வானேன்.

செவ்வாய் காலை ஒரு பேப்பரை உருவிக் கையில் கொடுத்துவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால் நாற்காலி காலி. செருப்பு இல்லை, குடையும் இல்லை. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தையல்காரம்மா போலீசுக்குப் போகலாம் என்றாள். எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல் நான் அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தேன். அடியில் பேப்பர் கசங்கியது. எடுத்துப் பார்த்தேன். குழாய் மாற்றும் வேலை நடப்பதால் பழைய மார்க்கெட் தெருவில் இன்று தண்ணீர் வராது என்று போட்டிருந்தது. அட, மனுஷன் காணாமல் போகவில்லை, வேலைக்குப் போயிருக்கிறார்!

கிடைத்த வண்டியில் ஏறி இருவரும் ஓடினோம். அங்கே இப்போது மார்க்கெட் ஏது? செருப்புக் கடைகளும் ஒரு பேங்கும்தான். தெருமுனையில் ஒரு சலூன். அதில் கண்ணாடி முன்னால் உன் அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மழமழவென்று சவரம், பவுடர் வேறு! வீட்டில் நான் ரேசரை எடுத்தாலே கையைத் தட்டிவிடுகிற ஆள்.

குடை நுனியால் ரோட்டைத் தட்டித் தட்டி வால்வு மூடியைத் தேடினாராம். பிறகு கடை கடையாக ஏறி, "இன்னிக்குத் தண்ணி வராது, இப்பவே புடிச்சு வச்சுக்குங்க" என்றாராம். சொன்ன தோரணையில் பாதித் தெரு நம்பிவிட்டது. சலூனில் வாளி, குவளை, சவரக் கிண்ணம் வரைக்கும் தண்ணீர் தளும்புகிறது. அது பழைய பேப்பர் செய்தி என்று சொல்ல வாயெடுத்தேன். சலூன்காரர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வெயில்ல நிக்க வேணாமேன்னு உள்ள உக்கார வச்சேம்மா. தண்ணி புடிச்சு வச்சா கெட்டா போயிடும்?" என்றார். அந்த மனிதர் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

என்னைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல புடிச்சு வச்சிட்டியா? உங்கிட்ட சொல்லாம வந்துட்டேனேன்னு ஒரே கவலை." அங்கேயே அழுதுவிட்டேன். துக்கமில்லையடா, போன உயிர் திரும்பி வந்த சந்தோஷம்.

இனி என் ஏற்பாட்டைக் கேள். வாசல் கதவில் மணி கட்டியாயிற்று. அவர் சட்டைப் பைகளிலெல்லாம் தையல்காரம்மா நம் போன் நம்பரைத் தைத்துக் கொடுத்துவிட்டாள். அதைவிடப் பெரிய வேலை, கட்டுகளையெல்லாம் இறக்கி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களை மட்டும் பொறுக்கி வைத்தேன். ஞாயிறு என்றால் அவருக்கு லீவு. இப்போது தினமும் ஞாயிறு! நேற்று, "இன்னிக்கு லீவுதானே, நீயும் வந்து உக்காரேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு தடவையாவது இப்படிக் கூப்பிட்டிருக்கிறாரா? அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அதனால் அந்த இல்லத்துக்காரர்களிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. தூரத்தில் இருப்பதால் உனக்குப் பயம், அது எனக்குப் புரிகிறது. என்னால் முடியாத நாள் வந்தால் நானே சொல்வேன். இது அந்த நாள் இல்லை.

பேப்பர் பொறுக்கும்போது நீ பிறந்த மறுநாள் வந்த இதழும் கிடைத்தது. ஞாயிறு இல்லை, ஆனாலும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. உன்னை மடியில் போட்டுக்கொண்டு அதைத்தான் உனக்கு வாசித்துக் காட்டினார், கண்ணே திறக்காத குழந்தைக்கு! போன தடவை நீ வந்தபோது, "தம்பி யாரு?" என்று உன்னைப் பார்த்தே அவர் கேட்டதும், நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றதும் எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகுதானே வருவதற்கு லீவு இல்லை என்கிறாய்.

அந்தப் பேப்பரை அவரிடம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால், "புள்ள எங்க?" என்பார். நான் யாரைக் காட்டுவேன்? நீ வந்து அவர் பக்கத்தில் உட்கார், கொடுக்கிறேன். தாள் ஓரமெல்லாம் பொடிந்து வருகிறது. சீக்கிரம் வா கண்ணா.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா