தொண்ணூற்றிரண்டு கிலோ பின்பாரம்

வடகரைத் தோப்பின் எந்த மூலையில் நின்றாலும் கேட்கும்படி பேசிய என் அத்தானுக்கு,

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது. அது விழுவதைப் பார்க்க வந்தவர்களின் கார்கள் தென்காசி வரைக்கும் வரிசையில் நிற்கின்றன. "குளிக்கதுக்கு இம்புட்டு தூரம் வருதானே, இவன் வீட்டுல குழாய் கெடையாதாலே?" என்று வருடம் தவறாமல் கேட்பீர்கள். இந்த வருடம் கேட்க ஆளில்லை.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா மறுபடியும் மினி டிராக்டர் வாங்குகிறாள். முன்னால் மண் அள்ளித் தூக்கும் லோடர் வைத்தது. உங்களைக் கொன்ற அதே வகை.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தோப்பில் மட்டை விழுகிறது, வாய்க்கால் தூர்ந்துபோகிறது, வேலைக்கு ஆள் வருவதில்லை. நீங்கள் போன துக்கத்தில் எந்தத் தென்னையும் காய்க்காமல் இருந்துவிடவில்லை. அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "போன வண்டிய விட சாஸ்தி தூக்கணும்லே. அதுக்குச் சக்தி இல்லாமத்தான அவிய போனாவ."

இந்த முடிவு அவளுக்குத் துஷ்டி வீட்டிலேயே கிடைத்துவிட்டது. சாவு விசாரித்துத் துஷ்டி கேட்க வந்தவர்களில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர் எஞ்சினுக்குச் சக்தி போதாது என்றார். போலீஸில் இருப்பவர் லோடருக்குச் சக்தி போதாது என்றார். வண்டியைப் பார்க்காமலே இரண்டு பேரும் தீர்ப்புச் சொன்னார்கள். நான் சுவரோரமாக நின்று இருவருக்கும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

வண்டி வாங்குவதற்கு முன் இரண்டு கம்பெனிகளின் விளம்பரத் தாள்களை என் முன்னால் விரித்துப் போட்டீர்களே, நினைவிருக்கிறதா? எழுத்து என்று எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவது நம் குடும்ப வழக்கம். நான் நோட்டில் நடுவே கோடு போட்டு ஒப்பிட்டேன். ஒரு லோடர் அறுநூறு கிலோ தூக்கும் என்று போட்டிருந்தது. மற்றது நானூற்று ஐம்பது. அறுநூறுக்கு நேராக டிக் அடித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அதைத்தான் செய்திருக்கும். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தேன். நீங்கள் அந்த வண்டியையே வாங்கினீர்கள்.

இரண்டு தாள்களிலும் அடியில் பொடி எழுத்தில் விளக்கம் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அதைப் படித்தேன். அறுநூறு என்பது பக்கெட்டை லோடர் கையோடு சேர்க்கிற இரும்பு ஆணியில் அளந்தது. நானூற்று ஐம்பது என்பது அதற்கு அரை மீட்டர் முன்னால், மண் உண்மையில் கிடக்கிற இடத்தில், முழு உயரத்துக்குத் தூக்கி அளந்தது. மண் பக்கெட்டில்தான் கிடக்கும், ஆணியில் தொங்காது. இரண்டையும் ஒரே இடத்தில் அளந்திருந்தால் வித்தியாசமே இருந்திருக்காதோ என்னவோ. நான் ஒப்பிட்டது லோடர்களை அல்ல, இரண்டு அச்சுத் தாள்களை.

அதற்கும் கீழே இன்னொரு வரி. எடை தூக்கும்போது வண்டியின் பின்னால் பாரம் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். போட்டிக் கம்பெனிகள் இரண்டும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன.

அதற்கான இரும்புப் பெட்டி வண்டியோடு வந்திருந்தது. அதில் கல்லை நிரப்பிக் கலப்பை மாட்டும் இடத்தில் மாட்ட வேண்டும் என்று கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுத்தான் போனார். அக்கா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். இவ்வளவு நல்ல பெட்டியில் கல்லைப் போடுவதாவது என்றாள். அன்று சாயங்காலமே அது மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. மாடு உட்பட யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பின்பாரத்துக்கு நான் இருந்தேன். நம் ஊர்ப் பக்கத்தில் பக்கெட் மேலே போனால் பின்னால் ஒரு ஆள் ஏறி நிற்பான். அதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. "நம்ம மாப்ள தொண்ணூத்திரெண்டு கிலோலா. தின்ன சோத்துக்கு இன்னைக்குத்தான் ஒரு பிரயோசனம்" என்றீர்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான். கூச்சப்படாமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

நீங்கள் போன அன்று காலை வாய்க்காலில் வாரிய ஈரச் சேறு. பக்கெட் நிறைய அள்ளி, பாதை மறைக்கிறது என்று தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்புச் சரிவில் ஏறினீர்கள். என் போன் அடித்தது. ஆய்க்குடிப் பக்கம் மனை விற்கிற ஒரு பெண். எஞ்சின் சத்தத்தில் அவள் பேசுவது கேட்கவில்லை.

அதனால் இறங்கினேன்.

"இறங்குதேன் அத்தான்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. மனை வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் நான் மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் பின்சக்கரம் தரையை விட்டது. வண்டி ஒருக்களித்து வாய்க்காலுக்குள் போனது. அடியில் நீங்கள். காதோரம் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாப் பக்கம்தான் சார் என்றாள்.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா அத்தான்? பின்னால் நான் இல்லை என்று தெரிந்துதான் போனீர்களா, அல்லது இருக்கிறேன் என்ற நம்பிக்கையிலா? இரண்டில் எது எனக்கு நல்லது என்று இன்றுவரை தெரியவில்லை.

போன வாரம் அக்காவோடு தென்காசி ஷோரூமுக்குப் போனேன். விற்பனைக்காரத் தம்பி தாள்களை விரித்தான். அக்கா எழுத்து எதையும் பார்க்கவில்லை. பெரிய எண்ணைத் தேடினாள். எழுநூற்று ஐம்பது என்று ஒன்றில் இருந்தது. லோடர் பெரிது, வண்டியோ முந்தியதைவிட லேசு. அவள் விரல் அதில் நின்றது. தம்பி பேனாவைத் திறந்தான்.

நான் வேண்டாம் என்றேன். ஆணியில் அளந்த கதையைச் சொன்னேன். லோடர் எவ்வளவு தூக்கும் என்பது வேறு, தூக்கியதை வண்டி தாங்குமா என்பது வேறு என்று சொன்னேன். தூக்கும் சக்தி கூடக் கூட வண்டி சீக்கிரம் கவிழும், பின்னால் பாரம் வேண்டும் என்றேன். அக்காவின் விரல் நகரவில்லை. தம்பி சிரித்தான். "அண்ணாச்சி, அதெல்லாம் பேப்பர்ல போடுததுதான். பின்னால ஒரு ஆள ஏத்திக்கிட்டா தீந்துது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அன்னைக்கு ஏறுன ஆளு நாந்தாங்க்கா. சொல்லாம இறங்கிட்டேன்" என்றேன். போன் வந்ததையும் சொன்னேன்.

தம்பி பேனாவை மூடினான். அக்கா எழுந்து வெளியே நடந்தாள். வடகரை வரும்வரை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுப் படி ஏறவில்லை. நேரே தொழுவத்துக்குப் போய்ச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தொட்டியை ஒற்றை ஆளாகச் சரித்துத் தண்ணீரைக் கொட்டினாள். உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தொட்டிய எடுத்தது நானு. இறங்குனது நீ. இதுல எது எம்புட்டுன்னு எங்கன போய் நிறுத்துப் பாக்க?"

 பதில் உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்ல வழியில்லை.

மறுநாள் அவளே ஷோரூமுக்குப் போன் செய்தாள். பக்கெட்டில் மண் கிடக்கிற இடத்தில் அளந்தால் எவ்வளவு, முழு உயரத்தில் எவ்வளவு, வண்டியின் எடை எவ்வளவு என்று மூன்று கேள்விகள். தம்பி விசாரித்துச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. எழுநூற்று ஐம்பதை விட்டுவிட்டு, குறைவாகத் தூக்குகிற, கனத்த வண்டி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறாள். பெட்டியில் கல்லும் பழைய இரும்பும் நிரப்பி, வாயில் கான்கிரீட் போட்டு மூடியாகிவிட்டது. மாடு வாளியில் குடிக்கிறது. அக்கா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

அத்தான், வண்டி வந்தபின் ஒவ்வொரு தடவை பக்கெட் தரையை விட்டு எழுவதற்கு முன்னாலும், பின்னால் போய் அந்தப் பெட்டியை நானே ஆட்டிப் பார்ப்பேன். மாட்டியிருந்தால்தான் எஞ்சின் கிளம்பும். இது சத்தியம். இந்தப் பாரம் என்னைப் போல இல்லை. அதற்குக் காலும் கிடையாது, போனும் வராது.

சொல்லாமல் இறங்கிய
உங்கள் மைத்துனன்