மணி அடித்தாலும் முதலில் தண்ணீர்

அக்கா,

இன்று காலை கோயிலின் பின்பக்கம் ஆசிட் போத்தலின் மூடியைத் திறந்தேன். அந்தக் காட்டம் மூக்கில் ஏறுவதற்குள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். நீங்கள் அப்படித்தான் நிற்பீர்கள். கண்ணாடி, கையுறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதற்குள் செருகிய சேலை. என் மகள் பார்த்தால் சிரிப்பாள். நான் உங்களை முதலில் கேலி செய்ததும் காலைப் பார்த்துத்தான்.

கிள்ளானில் நம் கோயிலுக்குச் செங்கல் மதில் எழுப்பிய வருடம் அது. கட்டியவர்கள் சிமெண்டைக் கல்மேல் தெறிக்க விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மழையில் செங்கல்லில் வெள்ளையாக உப்பும் பூத்தது. பால்குடத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மகளிர் குழுவுக்குப் பொறுப்பு நான். ஆசிட்டை அப்படியே ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தேன். வெறுங்காலோடுதான். கோயில் அல்லவா?

நீங்கள் அப்போது எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலைத் தரை கழுவும் வேலை என்று தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் வருவீர்கள், ஆனால் சன்னதிக்கு வந்தாலும் காலில் சாக்ஸ் இருக்கும். "சாமி முன்னாடி என்ன ஸ்டைல்லா இது?" என்று இரண்டு பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். இப்போது சொல்லிவிட்டேன்.

மதில் கழுவக் குழுப் பெண்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமை ஒரு கோணிப்பை நிறைய பூட்ஸோடு வந்து நின்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

"அக்கா, கோயில்லா இது. அதெல்லாம் வெளியவே வைங்க."

"புதுசும்மா. கடையிலருந்து நேரா வீட்டுக்கு. ரோட்டையே தொடல. நேத்தே மஞ்சத்தண்ணியில கழுவிக் காய வச்சிட்டேன். உன் காலைவிட சுத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஒருத்தி கால்ல பூட்ஸ் இல்லன்னாலும் நான் மூடி திறக்க மாட்டேன்" என்று போத்தலை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். "செவுரு இப்படியே இருக்கட்டும். சாமிக்கு ஒண்ணும் இல்ல. பொறுப்பு நீதான், உனக்குத்தான் அவமானம்."

வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டேன். நாங்கள் என்ன சொல்லிவிடுவோம் என்று முன்கூட்டியே யோசித்து, முந்தின நாளே மஞ்சள் கரைத்த உங்கள் மனசு அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு வேலையைப் பார்த்தேன். வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் அதில் ஆசிட், மெல்ல, விளிம்போரமாக. யாரோ மாற்றி ஊற்றப் போக, "அது உன் மூஞ்சிக்கு எகிறும்" என்று கையைப் பிடித்தீர்கள். நான் பிளீச்சும் கொண்டுவந்திருந்தேன், இரண்டும் சேர்ந்தால் இன்னும் வெள்ளையாகுமே என்று. அதை வாங்கி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து சொன்னீர்கள்: "இது ரெண்டும் சேந்தா வர்ற புகை ஆளையே சாய்ச்சிடும்." மதிலை நன்றாக நனைத்தீர்கள், கல் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஆசிட்டைக் குடிக்காதென்று. யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு கல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைத்தீர்கள். துளசி மாடத்தைப் பிளாஸ்டிக் போட்டு மூடினீர்கள். விளக்கடியில் எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுக்கு ஆசிட்டே வேண்டாம் என்று சோப்புத்தண்ணீர் கொடுத்தீர்கள். வீட்டுக்குப் போனதும் இதையெல்லாம் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். நான் எதையும் கற்றுக்கொண்டது அப்படித்தான், பார்த்து, எழுதி.

எழுத மறந்தது ஒன்று. அதை என் கால் எழுதிக்கொண்டது.

கெட்டிச் சிமெண்டுக்காகக் கொஞ்சம் பலமாகக் கலந்த ஆசிட்டைக் கீழ்வரிசையில் பூசி முடித்திருந்தோம். உச்சிக்கால பூசை மணி அடித்தது. பழக்கம், அக்கா. மணி கேட்டால் நிற்க மாட்டேன். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். தீபாராதனை பார்த்து, எல்லோருக்கும் உள்ளங்கை நிறைய திருநீறு வாங்கிக்கொண்டு அப்படியே வெறுங்காலோடு திரும்பி வந்தேன். மதிலடிப் பள்ளத்தில் வடிந்து நின்ற தண்ணீரில் நின்றபடியே ஒவ்வொருவருக்கும் பூசிவிட்டேன். கடைசியாக உங்களிடம் வந்தபோதுதான் குதிகால் வெடிப்பில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது.

நீங்கள் திட்டவில்லை. பைப்பை இழுத்து வந்து, என்னைக் கல்லில் உட்காரவைத்து, காலில் தண்ணீரை விட்டீர்கள். ஒருத்தி மஞ்சள் என்றாள், ஒருத்தி பற்பசை என்றாள். நானே கையிலிருந்த திருநீற்றைப் பூசப் போனேன்.

"ஒண்ணும் வேணாம். தண்ணி மட்டும்."

"போதும்கா, எரிச்சல் குறைஞ்சிடுச்சி."

"நீ சொல்லி நான் நிறுத்த மாட்டேன். உக்காரு."

இருபது நிமிடத்துக்குக் குறையாது. நான் அழுதேன், எரிச்சலுக்காக இல்லை. அந்த வருடம் என் பேரனுக்கு உடம்பு தேறியதற்காக வெறுங்காலோடு பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். இந்தக் காலோடு எப்படி நடப்பேன் என்று புலம்பினேன். நீங்கள் ஒரு பூட்ஸைக் கழற்றினீர்கள். பிறகு சாக்ஸை. பாதம் முழுக்கச் சுருங்கி வழவழவென்று இருந்தது. இரண்டு விரலில் நகமே இல்லை.

"வேலைக்குச் சேந்த புதுசு. செருப்போட நின்னேன். தண்ணி ஊத்த ஆளில்ல, ஆஸ்பத்திரிக்கு லோரி தேடுனாங்க. உனக்கு ஊத்தியாச்சு. நீ நடப்ப."

கிளினிக்கில் டாக்டர் அதையே சொன்னார், உடனே கழுவியதால் தப்பித்தது என்று. கொப்புளம் பத்து நாளில் காய்ந்தது. பால்குடத்தன்று நான் நடந்தேன். தெருமுனையில் நீங்கள் வந்து என்னோடு சேர்ந்துகொண்டீர்கள். குனிந்து பார்த்தேன். உங்கள் காலில் சாக்ஸ் இல்லை.

"என்னா பாக்குற? சாமியப் பாத்து நடலா."

போன ஐப்பசியில் உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்தபோது பாதத்தைத்தான் தொட்டுக் கும்பிட்டேன். உங்கள் மருமகள் அந்தக் கோணிப்பையை என்னிடம் கொடுத்தாள். உங்கள் பூட்ஸ் எனக்கு ஓர் அளவு பெரிது. சாக்ஸ் போட்டால் சரியாக இருக்கிறது.

இன்று பாதி மதில் கழுவியிருந்தபோது மணி அடித்தது. கூட வந்தவர்கள் பூட்ஸிலிருந்து காலை உருவப் போனார்கள். "மணி அடிச்சாலும் மொதல்ல தண்ணி" என்றேன். பூசியதையெல்லாம் கழுவி, மிச்ச ஆசிட் முறியச் சோடா உப்புக் கரைத்து ஊற்றி, நுரை எழாமல் அடங்கும்வரை பார்த்து, மறுபடி கழுவி, பள்ளத்தைத் துடைத்துவிட்டுத்தான் போனோம். தீபாராதனை முடிந்துவிட்டிருந்தது. இத்தனை வருடத்தில் கோயிலில் இருந்துகொண்டே நான் தவறவிட்டது இதுதான் முதல்முறை. ஐயர் திருநீற்றுத் தட்டோடு காத்திருந்தார். வரிசையாக ஏழு பேர் கை நீட்டினோம். குனிந்து பதினான்கு பாதங்களையும் பார்த்தேன், அக்கா. ஒன்றும் ஆகவில்லை.