வேட்பாளர் நெற்றியில் எண்ணெய்

13-3-1977, ஞாயிறு

ஆராதனை நடுவில் எங்கள் கட்சி வேட்பாளர் ஜீப்பில் வந்திறங்கி ஜெபவீட்டுக்குள் நுழைந்தார். பாஸ்டர் அவரை முழங்காலிட வைத்தார். எங்கள் சபையில் நோயாளிகளுக்கு மட்டுமே பூசுகிற எண்ணெயை எடுத்து அவர் நெற்றியில் பூசி, "தேவன் தெரிந்துகொண்ட பாத்திரம்" என்று ஜெபித்தார். சபை மொத்தமும் ஆமென் என்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

வாசலைத் தாண்டியதும் வேட்பாளர் கட்சித் துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பாஸ்டர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா பிரதர், நீங்களும் அந்தக் கட்சிதானே? ஆமென் சொல்றதுக்கு இன்னா?"

"ஓட்டு அவருக்குத்தான் ஐயா போடுவேன். அந்த எண்ணெ சீக்காளிங்களுக்கு."

"வேதத்துல ராஜாக்களுக்கு எண்ணெ பூசலையா?"

"அவங்க ஜீப்புல ஓட்டு கேட்டு வரலையே."

அவர் முகம் கறுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்காவிட்டால் எனக்குத் திருவிருந்து அப்பம் கிடையாதாம். சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

"ஒரு ஆமென் சொன்னா வாயா தேஞ்சிபூடும்? நாளைக்கி நீ செத்தா யாருய்யா வந்து ஜெபம் பண்ணுவா?" என்று மனைவி அழுகிறாள். அவள் பயம் பொய்யில்லை. எனக்கும் அது உண்டு.

எழுத்துக்கூட்டி நானாகவே வேதம் படித்தவன் நான். இதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஞாயிறன்று முன்வரிசையிலேயே உட்காருவேன். அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் போகட்டும். சபை பார்க்கட்டும்.