பூட்டை உடைத்ததற்கு விளக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கோபம்தான் தணியவில்லை.

நேற்றுக் காலை எங்கள் வார்டில், நோய்த்தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நான்கு வயதுச் சிறுமிக்குச் சலைன் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். இதயம் தாங்குமா என்று படுக்கையருகிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். கருவியோ அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

"சாவி எங்கம்மா?" என்றேன் நர்ஸிடம்.

"பெரிய டாக்டர்கிட்ட. மீட்டிங்ல இருக்காரு. கையெழுத்தில்லாம எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதி ஒட்டினீங்க?"

பூட்டை உடைத்தேன். திரையில் இதயம் சோர்ந்து துடித்தது. சலைனை நிறுத்தி, இதயத்துக்கு வலுவூட்டும் மருந்தைத் தொடங்கினோம். இன்று கண் விழித்துவிட்டாள், கவலைப்படாதீர்கள். நான் ஒட்டிய தாளை நானே கிழித்தெறிந்தேன்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். புதியதை எங்கோ வைத்துவிட்டேன். இங்கே தேடித் தர ஆளில்லை.

பெரிய டாக்டர் விளக்கம் கேட்டிருக்கிறார், எழுத வேண்டும். மன்னிப்பு மட்டும் அதில் இருக்காது.

தங்கள் மகன்