வருசத்தக் குறைங்க

மார்கழி 8, செவ்வாய்

திராட்சை வெட்டு முடிந்தால் இவர் வீட்டுக்கு வருமுன் வங்கிக்குத்தான் போவார். வீட்டுக்கடனின் மாதத் தவணை என் பள்ளிச் சம்பளத்தில் போய்விடும். வெட்டுக்கு வெட்டு கூடுதலாகக் கட்டுவது இவர். இந்த முறை விலை படுத்துவிட்டது, விட்டுவிடுவார் என்று நினைத்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கட்டினார்.

"மாசத் தவணையக் குறைச்சுக்கலாமே சார், கையில காசு நிக்கும்" என்றார் அதிகாரி.

"தவணையத் தொடாதீக சார். வருசத்தக் குறைங்க."

கணினியைப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்றே வருடம் என்றார் அதிகாரி. எத்தனை புதுச் சட்டையை வேண்டாமென்றிருப்பார் இந்த மனிதர்! எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "அப்படி என்னங்க அவசரம்?"

"எங்கய்யா அம்பத்துமூணு வயசுல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுப் போனாக. எனக்கு இப்ப அம்பது. கணக்குச் சரியா வருதுல்ல புள்ள?"

சந்தை விலை சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாளையும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு இவரை மதுரைக்கு, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகவேண்டும். வரமாட்டேன் என்பார். கடன் தீர்ந்த வீட்டில் நான் மட்டும் உட்கார்ந்து என்ன செய்ய?